ஷேடு ஓகே ஆன பிறகும் துணி திரும்பி வருவது ஏன்?

எங்கள் திருப்பூர் சாயப்பட்டறை லேபில் புதிதாகச் சேர்ந்த பையன், போன வாரம் லேப் டிப்பை (பையர், அதாவது துணி வாங்குபவர், கேட்ட நிறத்துக்கு லேபில் சாயமேற்றிப் பார்க்கும் மாதிரித் துணி) எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றான். "சார், அப்படியே பொருந்துது!" 15 வருடத்துக்கு முன்னால் நானும் இதே முகத்தோடு நின்றவன்தான்.

ஈரத் துணியில் ஷேடு பார்க்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதை மாஸ்டரே முதல் நாளில் திட்டிச் சொல்லித்தருவார். அதற்குப் பிறகும் நாம் செய்யும் தவறுகள்தான் இவை.

ஒரே வெளிச்சத்தில் ஓகே சொல்வது

அன்று எனக்கு வந்த ஷேடு ஆலிவ் பச்சை. ரெசிபியில் இருந்த ஒரு சாயம் ஸ்டாக்கில் இல்லை. வேறொன்றைப் போட்டு ஷேடைக் கொண்டுவந்துவிட்டேன். பகல் வெளிச்சத்தில் பையரின் மாதிரிக்கும் எங்கள் துணிக்கும் வித்தியாசமே இல்லை. 600 கிலோ சாயமேறியது. பையர் அதைக் கடை விளக்கான டிஎல்84-இல் வைத்தார். எங்கள் துணி மட்டும் செம்மண்ணில் புரட்டி எடுத்ததுபோல் நின்றது. அத்தனையையும் மறுபடி சாயம் போட்டோம். அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வும் இல்லை.

நிறம் பார்க்க நம் கண்ணில் இருப்பவை மூன்று வகைக் கூம்பு செல்கள்தான். எந்த அலைநீளம் எவ்வளவு வந்தது என்று அவை பிரித்துச் சொல்வதில்லை. ஆளுக்கொரு கூட்டுத்தொகையோடு சரி. இரண்டு மளிகை பில்லில் சாமான் வேறு, மொத்தம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு விலை ஏறினால் மொத்தம் பிரிந்துவிடும். விளக்கு மாறினால் நடப்பதும் அதுதான். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர்.

"டெல்டா இ குறைவாகத்தானே சார் இருக்கு" என்று இன்றும் யாராவது வந்து நிற்கும்போது எரிச்சலாக வருகிறது. இரண்டு நிறத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லும் எண்தான் டெல்டா இ. எந்த விளக்குக்கு எடுத்த டெல்டா இ? பகல் வெளிச்சத்துக்கான டி65, டிஎல்84, குண்டு பல்பு மூன்றிலும் பாருங்கள். சாயத்தை மாற்றியிருந்தால், துணி எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ மீட்டரில், மாதிரி, உங்கள் துணி இரண்டின் வளைகோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றனவா என்றும் பாருங்கள்; வெட்டினால் மெட்டாமெரிசம் இருக்கிறது.

பக்கத்தில் இருக்கும் துணியை மறப்பது

பாரிஸ் கோபெலின்ஸ் நெசவுக்கூடத்தில் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று ஒருமுறை புகார். சாயப்பிரிவுத் தலைவரான வேதியியலாளர் ஷெவ்ரோல் சோதித்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்திருந்தன. இதைப் பற்றி 1839-இல் புத்தகமே எழுதினார். ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸின் உட்புறம் சாம்பல் நிறமாக இருப்பது அழகுக்கு அல்ல. அதற்குள் சிவப்புச் சாயமேறிய துணியை அடுக்கி வைக்காதீர்கள்.

முறைத்துக்கொண்டே இருப்பது

ஷேடைப் பார்க்கச் சில நொடி போதும். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கண்ணையே சோதிக்காமல் உட்காருவது

சிவப்பு-பச்சைக் குழப்பம் ஆண்களிடம்தான் அதிகம். முதலில் நிறக்குருடு சோதிக்கும் இஷிஹாரா அட்டை, அப்புறம் வேலை.