நீண்ட விரதத்தை முடிப்பது எப்படி? மோர் முதல் சாளை ரசம் வரை

ஐந்தாறு நாள் வெறும் தண்ணீரில் விரதம் இருந்தவருக்கு, முடிக்கிற அன்று வடை பாயசத்தோடு இலை போடுவார்கள். ஆபத்து அந்த இலையில்தான் இருக்கிறது. கீழக்கரைப் பக்கம் ரம்ஜானில் பிடிக்கும் பகல் நோன்புக்கு இந்தக் கவலை வேண்டாம். நான் சொல்வது நாள்கணக்கில் நீளும் பட்டினியை.

பட்டினியில் உடம்பு கொழுப்பைக் கரைத்துத்தான் ஓடும். திடீரென்று சோறும் சர்க்கரையும் போனால் இன்சுலின் எகிறும். இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்கள் இழுத்துக்கொள்ளும். கையிருப்பு ஏற்கெனவே குறைவு என்பதால் இதயத்துடிப்பு தடுமாறும், மூச்சு விடும் தசைகூடத் தளரும். மருத்துவர்கள் இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள்.

படி 1: வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?
பத்து நாளைத் தாண்டியவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் இல்லாமல் முடிக்கவே வேண்டாம். மற்றவர்களும் சாப்பிடத் தொடங்கும் முன் தயமின் (பி1) மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாவுச்சத்தை எரிக்க உடம்புக்கு அது வேண்டும்.

படி 2: மோரும் இளநீரும்
முதலில் உப்புப் போட்ட நீர்மோர், அரை டம்ளர். பாலில் இருந்து வருவதால் பாஸ்பேட்டும் கொஞ்சம் கிடைக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அரை டம்ளர் இளநீர். அதில் பொட்டாசியம் நிறைய, உப்பு குறைவு. அதனால்தான் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடிக்கச் சொல்கிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிலவகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் இளநீரைத் தொடக் கூடாது. நம் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதே, அது போதாதா என்றால், போதாது. உப்பு இருக்கும், பாஸ்பேட்டுக்கு அதை நம்ப முடியாது.

பதநீரும் கருப்பட்டிக் காப்பியும் இப்போது வேண்டாம். நல்ல பொருள்தான், ஆனால் சர்க்கரை அதிகம்.

படி 3: பருப்புக் கஞ்சி
பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, அரிசி ஒன்று, தண்ணீர் நான்கு டம்ளர். சீரகம், ஒரு பல் பூண்டு போட்டு அடுப்பைத் தணித்து வையுங்கள். பருப்பு மத்தில்லாமலே கரைந்து, கரண்டியைத் தூக்கினால் கஞ்சி இழையாமல் நீர்போல ஒழுக வேண்டும். அதுதான் பதம். உப்பைக் கடைசியில் போடுங்கள். தேங்காய்ப்பால் வேண்டாம். இதை அரை டம்ளராகப் பிரித்து நாள் முழுக்கக் குடிக்கலாம். முதல் இரண்டு நாள் வழக்கமான சாப்பாட்டில் பாதியைத் தாண்டாதீர்கள், பசி எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

படி 4: மீன்
மூன்றாம் நாள் உடம்பு ஒத்துக்கொண்டால், இரண்டு சாளையைப் போட்டுப் புளி, காரம் குறைத்து ரசம் வையுங்கள். முதலில் சாறு, அப்புறம் சதை. மீனில் பாஸ்பேட் தாராளம். மீன் சேராதவர்களுக்கு வேகவைத்த முட்டை அல்லது தயிர். சோற்றை நாலைந்து நாளில் மெல்லக் கூட்டுங்கள்.

படி 5: கவனிக்க வேண்டியது
முதல் ஐந்து நாள்தான் கண்டம். கால் வீக்கம், படபடப்பு, மூச்சுத்திணறல், குழப்பம், கை கால் தளர்ச்சி, இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் பட்டினி என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, இரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம், பாஸ்பேட் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான சோடியம், பொட்டாசியம் பட்டியலில் அவை பெரும்பாலும் இருக்காது.