வெக்கை தாங்கும் ஈஸ்ட்: பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலேயே எடுக்கலாம்

ஈஸ்ட்டைக் கொண்டு எரிபொருள் என்றதும் எங்கள் உயர்தரப் பிள்ளைகள் கேட்பது, "டீச்சர், ஜீனை எப்ப வெட்டுறது?" என்றுதான். அதற்கு அனுமதியும் பெரிய ஆய்வுகூடமும் வேண்டும். உப்புவெளியில் நமக்குத் தாராளமாக இருப்பது வெக்கை. சாதாரண ஈஸ்ட்டுக்கு 30 பாகை செல்சியஸ் அளவில்தான் சுகம். நொதிக்கும் தொட்டியோ தானாகவே சூடேறும். திருகோணமலையில் எதனோல் ஆலை வைத்தால் குளிர்விக்கவே காசு கரையும். 40 பாகையில் வேலை செய்யும் இனம் கிடைத்தால் அந்தச் செலவு குறையும். ஜீனை வெட்டாமலே, சூட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தாங்கும் செல்களை மட்டும் மிஞ்சவிட்டு அந்த இனத்தை எடுக்கலாம்.

முதலில் தூய வளர்ப்பு வேண்டும். பேக்கரி ஈஸ்ட் பொட்டலத்தில் பக்ரீரியாவும் இருக்கும், சூட்டில் அது முந்திக்கொள்ளும். ஏகார்த் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த் தட்டு) கீறி, தனிக் கொலனி ஒன்றை எடுங்கள். அதில் ஒரு பகுதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடைசியில் ஒப்பிட இந்த மூல இனம் கட்டாயம் தேவை.

ஊடகம் 100 மில்லிலீற்றர்: சீனி 5 கிராம், பெப்தோன் 2 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம். பிரஷர் குக்கரில் 15 நிமிடம் அவித்து ஆற விடுங்கள். ஈஸ்ட்டை இட்டபின் போத்தல் மூடியில் மெல்லிய குழாய் பொருத்தி, மறுமுனையை நீரில் அமிழ்த்துங்கள்.

காற்றை அடைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் ஈஸ்ட்டுக்குச் சக்தி கிடைக்க நொதித்தலே வழி. அப்போது வேகமாகப் பெருகும் செல், எதனோலும் வேகமாக ஆக்கும் செல்லாகவே இருக்கும். ஐசோபியூற்றனோல் என்ற வேறொரு எரிபொருள் மதுசாரம் வேண்டுமென்றால் இந்த வழி உதவாது. அதை ஆக்குவதால் செல் பிழைப்பதில்லை, அங்கே ஜீனில் கை வைத்தே ஆக வேண்டும். ஆனால் முழுதாக அடைத்தாலும் சிக்கல்: செல்சவ்வுக்கு வேண்டிய எர்கொஸ்டெரோலை ஒட்சிசன் இல்லாமல் ஈஸ்ட் ஆக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் மூடுமுன் போத்தலை நன்றாகக் குலுக்குங்கள்.

36 பாகை நீர்த்தொட்டியில் தொடங்குங்கள். நொதித்தல் ஓய்ந்ததும் 1 மில்லிலீற்றரைப் புதிய போத்தலுக்கு மாற்றுங்கள். ஒரு மாற்றத்துக்கு ஆறேழு தலைமுறை ஓடும். வேகம் நிலையானதும் ஒரு பாகை கூட்டுங்கள். மூன்று போத்தல்களைத் தனித்தனி வரிசையாகக் கொண்டுபோனால் ஒன்று கெட்டாலும் மற்றவை மிஞ்சும். புளித்த வாடை வந்தால் நுணுக்குக்காட்டியில் பாருங்கள், பக்ரீரியாவின் கோல் வடிவங்கள் தெரிந்தால் ஊற்றிவிட வேண்டியதுதான். பொறுமை வேண்டும். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் சூட்டில் மாற்றி மாற்றி வளர்த்து, 40 பாகையிலும் நன்றாக வளரும் இனங்களை எடுத்தபோது (2014இல் வெளியிட்டார்கள்) மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவற்றில் முக்கியமாக மாறியிருந்தது அந்த எர்கொஸ்டெரோல் பாதையின் ஈ.ஆர்.ஜி.3 ஜீன்.

எதனோலை அளக்க வடிக்க வேண்டாம், அனுமதியில்லாமல் வடித்தால் கசிப்பு வழக்குத்தான். நொதிக்குமுன்னும் பின்னும் போத்தலைத் தராசில் நிறுத்தாலே போதும், குறையும் எடைதான் வெளியேறிய வாயு. வெளியேறும் காபனீரொட்சைட்டு 1 கிராம் என்றால் எதனோல் ஏறத்தாழ 1.05 கிராம். 5 கிராம் சீனிக்கு எதனோலின் உச்சம் 2.7 கிராம், அதைவிடக் கூடக் காட்டினால் எங்கோ ஆவி போகிறது. அதனால் ஈஸ்ட் இடாத போத்தல் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அதன் இழப்பைக் கழியுங்கள்.

முடிவில் மூல இனத்தையும் புது இனத்தையும் 40 பாகையில் மட்டுமல்ல, 30 பாகையிலும் ஓட்டிப் பாருங்கள். சூட்டுக்குத் தேர்ந்த இனம் 30இல் மூல இனத்திடம் தோற்கக்கூடும். அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.