நாய், பூனை வயிற்று உருண்டைப்புழு: வீட்டில் நடக்கும் தவறுகள்

"மலத்தில் புழு ஒன்றும் தெரியவில்லையே, எதற்குப் பூச்சி மருந்து?" குட்டி வளர்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. உருண்டைப்புழு சிறுகுடலில்தான் குடியிருக்கும். பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் இடும் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. குட்டி வாந்தி எடுத்து, அதில் பீஹூன் (அரிசிச் சேமியா) போல வெள்ளையாய்ச் சுருண்ட புழுவைப் பார்க்கும்போது வயிற்றில் ஏற்கெனவே கூட்டம் சேர்ந்திருக்கும். வயிறு உப்பி, உடம்பு மெலிந்து, முடி மங்கிப் போயிருக்கும். அதுவரை காத்திருக்காதீர்கள்.

ஒரு வேளை மருந்தோடு நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு. தாய் நாயின் தசைகளில் உறங்கும் இளம்புழுக்கள் சினைக்காலத்தில் விழித்து, கருவிலேயே குட்டிக்குள் போய்விடும். வழக்கமான மாத்திரை அந்த உறங்கும் புழுக்களைக் கொல்லாது. அதனால் தாய்க்கு மருந்து கொடுத்தாச்சு, குட்டிக்கு வேண்டாம் என்று இருக்க முடியாது. குட்டியின் உடம்பிலும் புழு கல்லீரல், நுரையீரல் என்று சுற்றி, இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுத்தான் குடலுக்கு வரும். இன்று கொடுக்கும் மருந்து குடலில் இருப்பதைக் கொல்லும். நுரையீரலில் இருப்பது அடுத்த வாரம் இறங்கி வரும். நாய்க்குட்டிக்கு இரண்டு வார வயதிலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பதற்கு இதுதான் காரணம். பால் மறந்த பிறகு, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. பூனைக்குட்டிக்குக் கருவில் தொற்றாது, தாய்ப்பாலில் வரும். மூன்றாவது வாரத்தில் தொடங்கலாம்.

மருந்திலும் கவனம் வேண்டும். பிராசிகுவாண்டெல் மட்டும் உள்ள மாத்திரை நாடாப்புழுவுக்கானது. உருண்டைப்புழுவை அது ஒன்றும் செய்யாது. குட்டியை எடை போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவைக் கொடுங்கள். பூண்டு கொடுத்தால் புழு போய்விடும் என்று பெரியவர்கள் சொன்னாலும் தயவுசெய்து வேண்டாம். பூண்டு நாய், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

2024 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. ஜன்னலுக்கு வலை போட்டாச்சு, வெளியே விடுவதே இல்லை, இனிப் புழு எப்படி வரும் என்று நினைக்கிறோம். கரப்பானும் பல்லியும் வலைக்குள் நுழையும். அவற்றின் உடம்பில் இளம்புழு இருக்கலாம். பூனை பிடித்துத் தின்றால் போதும்.

கழிவை நாளைக்கு அள்ளலாம் என்று தள்ளிப்போடுவதை நான் சின்னத் தவறாக நினைக்கவில்லை. புதிதாய் வந்த முட்டை தொற்றாது. வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம் முதிர்ந்த பிறகுதான் தொற்றும். நம் சூட்டில் இன்னும் சீக்கிரம். அன்றன்றே அள்ளினால் ஆபத்து அங்கேயே முடிந்தது. மண்ணில் கலந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணக் கிருமிநாசினிக்கும் அசையாது. பூனையின் மணல் தட்டைக் கொதிக்கும் நீரால் கழுவுங்கள்.

நாயைத் தொட்டாலே தொற்றும் என்று பிள்ளைகளை விரட்டுகிறோம். ஆனால் காரிடாரில் இருக்கும் துளசி, கறிவேப்பிலைத் தொட்டியை மறந்துவிடுகிறோம். புளோக்கில் திரியும் பூனைகளுக்கு இளகிய மண் ரொம்பப் பிடிக்கும். பிள்ளை அதில் விளையாடிவிட்டு அப்படியே வாயில் கை வைத்தால், முட்டை உள்ளே போய்ப் பொரித்து, இளம்புழு கல்லீரல், நுரையீரல், அரிதாகக் கண் வரை அலையும், பார்வையே போகலாம். தொட்டிக்கு மேல் கம்பி வலை போடுங்கள். மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கினால், வீட்டில் குட்டி இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.