தளத்தை இறக்கும் முன் ஒரு கடிதம்

எங்கள் நூலகத்தில் இரண்டு தூறல் விழுந்தாலே இணையம் படுத்துவிடும். அதனால் பிள்ளைகளுக்குத் தேவையான தளங்களை முன்கூட்டியே கணினியில் இறக்கி வைக்கிறேன். தொடக்கத்தில் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். தனி ஒருவர் சொந்தச் செலவில் நடத்திய கல்வெட்டுத் தளம் அது. முழுத் தளத்தையும் நகலெடுக்கும் எச்டிடிராக் மென்பொருளில் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்தபோது அவருடைய அந்த மாத டேட்டா அளவு தீர்ந்து, தளமே முடங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "கேட்டிருந்தால் பென்டிரைவில் போட்டு அனுப்பியிருப்பேனே" என்று பதில் வந்தது.

ஆகவே முதல் கருவி மின்னஞ்சல்தான்.

ஒரு பக்கம் மட்டும் போதுமா? பிரவுசரில் சிங்கிள்ஃபைல் நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படங்களோடு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக்கிவிடும். விக்கிப்பீடியாவை யாரும் பக்கம் பக்கமாக உறிஞ்ச வேண்டியதில்லை. கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா ஒரே கோப்பாகக் கிடைக்கிறது, கைபேசியிலும் திறக்கும். தமிழ் இலக்கியங்களை இலவசமாக மின்னூலாக்கித் தரும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளைத் தாராளமாகப் பகிரலாம். முகப்புப் பக்கத்தை வெட்டக் கூடாது என்பதுதான் அவர்கள் விதிக்கும் நிபந்தனை.

முழுத் தளமும் வேண்டுமென்றால் என் தேர்வு டபிள்யூகெட் என்ற மென்பொருள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டச் சலிக்காதவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு எச்டிடிராக் போதும், வேகக் கட்டுப்பாட்டில் கை வைக்காமல். தள முகவரியின் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். 'டிஸ்அலோ' என்று தொடங்கும் வரிகள், இப்படித் தானாக இறக்கும் மென்பொருள்கள் நுழையக் கூடாத இடங்கள். 1994 முதல் இருக்கும் வழக்கம் இது. டபிள்யூகெட் இணைப்புகளைப் பின்தொடர்ந்து இறக்கும்போது தானாகவே அதை மதிக்கும். அந்த மதிப்பை அணைத்துவிடும் வழியும் உண்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள். 'வெயிட்' தெரிவில் 2 கொடுத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் இடையே இரண்டு நொடி பொறுக்கும். 'லிமிட் ரேட்' 100கே என்றால் நொடிக்கு 100 கிலோபைட் அளவில் வேகத்தை அடக்கும். 'நோ பேரண்ட்' கொடுத்தால் கேட்ட பிரிவைத் தாண்டி மேலே ஏறாது.

சட்டத்துக்கு வருகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் இடம் தருகிறது. நூலகத்தின் எட்டுக் கணினிகளில் ஊருக்கே திறந்து வைப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் துணிவில்லை. எழுத்தில் அனுமதி வாங்குகிறேன். கட்டணம் கட்டியோ கடவுச்சொல் போட்டோ நுழையும் பக்கங்களைத் தொடுவதே இல்லை.

இறக்கிய ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு குறிப்பு வைக்கிறேன்: தள முகவரி, இறக்கிய தேதி, அனுமதி தந்த மின்னஞ்சலின் நகல். கல்வெட்டுக் கோப்புறையில் பென்டிரைவோடு வந்த கடிதத்தின் படமும் இருக்கிறது.