1870-க்கு முன்னால் பெயரே இல்லையா? அடிமைச் சட்டங்களை வைத்துத் தேடுவது எப்படி

ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பத்தின் முன்னோரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் 1870-ல் வந்து முட்டி நிற்பார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் முதன்முறையாகப் பெயரோடு வருவது அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும், அவருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலச் சட்டத்தைப் படித்தால் எந்தக் காகிதத்தில் பெயர் ஒளிந்திருக்கும் என்று தெரியும். வர்ஜீனியாவை வைத்துப் பார்ப்போம்.

முதலில் 1870 கணக்கெடுப்பில் உங்கள் முன்னோர் இருக்கும் பக்கத்தை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் விடாதீர்கள். அதில் உறவுமுறை குறிக்கப்படவில்லை என்பதால், வீட்டில் இருக்கும் பெண்ணை மனைவி என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

அப்புறம் 1866. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதே இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சேர்ந்து வாழ்ந்தவர்களைக் கணவன் மனைவியாக வர்ஜீனியா ஏற்றது. அதற்காக எழுதிய பதிவேடுகளில் தம்பதியின் பெயர், பிறந்த ஊர், பிள்ளைகளின் பெயர், கடைசி உரிமையாளரின் பெயர் எல்லாம் இருக்கும். எல்லாக் கவுண்டிக்கும் (நம்ம ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) இவை மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றை வர்ஜீனியா மாநில நூலகத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள்.

உரிமையாளரின் பெயர் கிடைத்ததா? இனி அவருடைய உயிலையும், இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கையும் கவுண்டி நீதிமன்றப் பதிவுகளில் பாருங்கள். மனிதர்களைச் சொத்தாக நினைத்ததால்தான் மாடு, கட்டில், கலப்பைக்கு நடுவே அவர்களையும் பெயரோடும் விலையோடும் எழுதிவைத்தார்கள். படிக்கும்போது வயிறு கலங்கும், ஆனாலும் நிறுத்தாதீர்கள். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். உரிமையாளருக்குப் பிறந்த பிள்ளையும் அடிமைதான். அதனால் தாயையும் பிள்ளைகளையும் பல பட்டியல்களில் அடுத்தடுத்து எழுதியிருப்பார்கள், தகப்பன் பெயர் பெரும்பாலும் இருக்காது. "இந்தப் பெண்ணும் இனி அவளுக்குப் பிறப்பவர்களும்" உரிமையாளரின் இன்ன மகளுக்கு என்று உயிலில் இருந்தால், அந்த மகள் கல்யாணமாகிப் போன வீட்டுப் பதிவுகளையும் தேட வேண்டும்.

1865-ல் அடிமைமுறை ஒழிவதற்கு முன்பே விடுதலை பெற்றவர் என்றால் வழி வேறு. 1793 சட்டப்படி சுதந்திரக் கறுப்பர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், அந்தப் பதிவில் உயரமும் தழும்பும்கூட இருக்கும். 1806 சட்டமோ, விடுதலையானவர் 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போகாவிட்டால் மறுபடி அடிமையாக்கலாம் என்றது. மனைவி மக்களை விட்டுப் போக முடியாமல், தங்க அனுமதி கேட்டு எத்தனையோ பேர் சட்டமன்றத்துக்கு எழுதிய மனுக்கள் அதே நூலகத்தில் இருக்கின்றன. குடும்பக் கதையே அதில் கிடைக்கலாம்.

ஒன்று மட்டும்: குடும்பப் பெயர் கடைசி உரிமையாளருடையது என்று நம்பி ஆரம்பிக்காதீர்கள், பலர் வேறு பெயரையே வைத்துக்கொண்டார்கள்.