உபுண்டுல ஓர்க்கா ஸ்கிரீன் ரீடர்: முதல் நாள் என்னென்ன செய்யணும்

பார்வை இல்லாதவங்களுக்கு கம்ப்யூட்டர் செட் பண்ணிக் கொடுக்கும்போது நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா, எல்லாத்தையும் தாங்களே மவுஸ வச்சு கிளிக் பண்ணி முடிச்சுட்டு "இந்தா ரெடி"ன்னு கொடுத்துட்டுப் போயிடுறாங்க. மறுநாள் ஸ்கிரீன் ரீடர், அதாவது ஸ்கிரீன்ல இருக்கிறதப் படிச்சுச் சொல்ற குரல், நின்னு போச்சுன்னா அவங்களுக்கு அதத் திரும்ப ஆன் பண்ணத் தெரியாது, யாராச்சும் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். அதனால இங்க எல்லாமே கீபோர்டுதான், யூஸ் பண்ணப் போறவங்க கைதான் அதுல இருக்கணும், நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க போதும். ஸ்கிரீன்ஷாட் எதுவும் போடல, இத ஸ்கிரீன் ரீடர்ல கேட்டுக்கிட்டு தனியாவே செய்யறவங்களும் இருப்பாங்க இல்லையா.

நான் சொல்றது உபுண்டு 24.04க்கு, விண்டோஸ் மாதிரி இதுவும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். ஓர்க்காங்கற ஸ்கிரீன் ரீடர் அதுலயே வருது, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், காசும் கிடையாது.

1. குரல ஆன் பண்றது

சூப்பர், ஆல்ட், எஸ் மூணையும் சேர்த்து அழுத்தணும். ஸ்பேஸ் பாருக்கு இடது பக்கம் ஒட்டி இருக்கிறது ஆல்ட், அதுக்கு அடுத்தது சூப்பர், அதாவது விண்டோஸ் கீ. எஸ்ஸக் கண்டுபிடிக்க, எஃப் கீ மேல சின்னதா ஒரு மேடு தட்டுப்படும், அங்கிருந்து இடது பக்கம் ரெண்டு கீ தள்ளினா எஸ். முதல்ல ரெண்டு கையாலயும் அழுத்தட்டும், போகப்போக ஒரு கை போதும். ஸ்கிரீன் ரீடர் ஆன்னு இங்கிலீஷ்ல குரல் வரும், அதையே திரும்ப அழுத்தினா ஆஃப். ஆன், ஆஃப், ஆன்னு நல்லா பழகுற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க. பாஸ்வேர்ட் கேக்குற லாகின் ஸ்கிரீன்லயும் இதே கீதான், அங்கயும் ஒரு தடவ செஞ்சு பாக்க வச்சிடுங்க.

2. ஓர்க்கா கீ

ஓர்க்காவுக்குக் கட்டளை கொடுக்க ஒரு கீய பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணு அழுத்தணும். சாதாரண கீபோர்ட்ல அது இன்சர்ட் கீ, விண்டோஸ்ல என்விடிஏங்கற ஸ்கிரீன் ரீடர் யூஸ் பண்ணவங்களுக்கு இது பழகினதுதான். லேப்டாப்ல இன்சர்ட் ஏதாவது மூலைல இருக்கும், சிலதுல இருக்கவே இருக்காது, அதனால ஓர்க்கா செட்டிங்ஸ்ல (திறக்கிற வழி 3ல இருக்கு) ஜெனரல் பக்கத்துல கீபோர்ட் லேஅவுட்ட லேப்டாப்னு மாத்திட்டா கேப்ஸ் லாக்தான் ஓர்க்கா கீ.

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 24.04 வேலண்ட்ல, அதாவது ஸ்கிரீன்ல எல்லாத்தையும் காட்டுற புது அமைப்புல ஓடுது, அதுல கேப்ஸ் லாக்க ஓர்க்கா கீயா வச்சா சரியா வேலை செய்யாது, மெஷின் ரிப்பேர்னு நினைச்சு விட்டுடுவாங்க. லாகின் ஸ்கிரீன்ல பேர செலக்ட் பண்ணின பிறகு வலது கீழ் மூலைல ஒரு பல்சக்கர பட்டன் வரும், அதுல "உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்" (இது பழைய அமைப்பு) எடுத்துட்டு உள்ள போங்க, சரியாயிடும். உபுண்டுவோட டெஸ்க்டாப் க்னோம், 2025ல வந்த க்னோம் 48ல இத வேலண்ட்லயே சரி பண்ணிட்டாங்க, அதனால புது வெர்ஷன் வச்சிருக்கவங்களுக்கு இந்த வேலை இல்ல.

3. தமிழ்க் குரல்

ஓர்க்கா கீயோட ஸ்பேஸ் அழுத்தினா செட்டிங்ஸ் திறக்கும். கன்ட்ரோல், பேஜ் டவுன் அழுத்தி வாய்ஸ் பக்கத்துக்குப் போய் டேப் அழுத்திக்கிட்டே வாங்க, லாங்குவேஜ்னு வரும்போது தமிழ எடுங்க. பேசுறது ஈஸ்பீக் என்ஜிங்கற குரல் மென்பொருள். மனுசக் குரல் மாதிரி இருக்காது, முதல் தடவ கேக்கும்போது கரகரன்னு இருக்கும். ஆனா எவ்வளவு வேகமா விட்டாலும் வார்த்தை தெளிவா விழும், பழகினவங்க கேக்குற வேகத்துல நமக்கு ஒண்ணுமே புரியாது. இப்போதைக்கு அதே பக்கத்துல ரேட்ட 50லேர்ந்து 35க்குக் குறைச்சு வச்சு அப்ளை, ஓகே கொடுங்க. வேகத்த அவங்களே ஏத்திக்குவாங்க, நீங்க முடிவு பண்ணாதீங்க.

4. பயமில்லாம கீபோர்ட தடவிப் பாக்க

எனக்கு ஓர்க்காலயே ரொம்பப் பிடிச்சது இதுதான். ஓர்க்கா கீயோட எச் அழுத்தினா லேர்ன் மோட். அதுக்கப்புறம் எந்தக் கீய அழுத்தினாலும் பேர மட்டும் சொல்லும், ஓர்க்கா கட்டளையா இருந்தா அது என்ன செய்யும்னும் சொல்லும், ஆனா எதுவும் நடக்காது, எதுவும் அழியாது. எஸ்கேப் அழுத்தினா வெளிய வந்துடலாம். ஒரு அரை மணி நேரம் இதுல விட்டுடுங்க, குறுக்க பேசாதீங்க.

5. ஃபயர்ஃபாக்ஸ்ல படிக்கிறது

நியூஸ் பக்கம் எதையாவது திறந்துட்டு வெறும் எச் அழுத்துங்க, தலைப்பு தலைப்பா தாவும். கே லிங்குக்கு, பி பட்டனுக்கு, இ டைப் பண்ற பெட்டிக்கு, ஷிஃப்டோட அழுத்தினா பின்னாடி போகும். பெட்டிக்குள்ள டைப் பண்ணும்போது எழுத்து விழாம எங்கயோ தாவுதுன்னா ஓர்க்கா கீயோட ஏ அழுத்தி, தாவிப் படிக்கிற மோட்லேர்ந்து டைப் பண்ற மோடுக்கு மாத்திக்கலாம். எச் அழுத்தியும் எங்கயும் போகலன்னா அந்த சைட்ல தலைப்புன்னு ஒண்ணு போடவே இல்லன்னு அர்த்தம், வெப்சைட் பண்றவங்க இதக் கொஞ்சம் கவனிங்க ப்ளீஸ்.

ஓரளவு பார்வை இருக்கிறவங்களுக்கு குரலே வேண்டாம்னா சூப்பர், ஆல்ட், 8 அழுத்தினா ஸ்கிரீன் பெருசாகும், அதே ரெண்டு கீயோட சமக்குறி போட்டா இன்னும் பெருசு, கழித்தல் குறி போட்டா சிறுசு. ஒரு கையால மட்டும் டைப் பண்றவங்களுக்கு செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, டைப்பிங்ல ஸ்டிக்கி கீஸ ஆன் பண்ணிடுங்க, மேல சொன்ன மூணு கீயவும் ஒண்ணு ஒண்ணா அழுத்தினாலே போதும்.