சுமேரியர் சமயத்தைப் படிக்கத் தொடங்கும் முறை

பண்டைக்காலத்தில் தென் ஈராக்கில் வாழ்ந்த சுமேரியரின் சமயத்தை அறிய விரும்பும் சென்னை வாசகர்கள் பலர் படைப்புக் கதைகளிலோ, தமிழோடு அதை முடிச்சுப் போடும் காணொளிகளிலோ தொடங்குகிறார்கள். கோயிலில் நாள்தோறும் என்ன நடந்தது என்பதில் தொடங்குவதே சரியான வழி என்று உறுதியாகக் கருதுகிறேன். அவர்கள் எழுதியவற்றில் எஞ்சியுள்ள களிமண் பலகைகளில் கதைகளைவிடக் கணக்குகளே மிகுதி.

முதலில் தென் ஈராக்கின் வரைபடத்தில் நகரங்களையும் அவற்றின் தெய்வங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: எரிதுவில் என்கி, நிப்பூரில் என்லில், உருக்கில் இனன்னா, ஊர் என்னும் நகரில் நிலாக் கடவுள் நன்னா, லார்சாவில் கதிரவனாகிய உத்து. நகரம் தெய்வத்தின் உடைமை என்பதே அவர்களின் நம்பிக்கை. நிப்பூர் ஆட்சித் தலைநகராக இருந்ததில்லை. ஆனாலும் என்லிலின் எகூர் கோயிலுடைய ஏற்பை அரசர்கள் நாடி நின்றார்கள்.

அடுத்து, படையலுக்கு வாருங்கள். ஏறத்தாழ கி.மு. 3000ஐச் சேர்ந்த உருக்குக் கற்குடுவையின் படத்தைத் தேடி எடுத்துக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: அடியில் நீரும் பயிரும், அதன்மேல் ஆடுகள், பிறகு ஆடையின்றிக் கலங்கள் ஏந்தி வரும் ஆண்கள், உச்சியில் இனன்னாவின் சின்னமான நாணற்கம்பங்களுக்கு முன் காணிக்கை ஏற்கும் பெண். நிப்பூருக்கு அருகிலுள்ள திரெகெம் என்னும் இடத்தில் கிடைத்த கி.மு. 21ஆம் நூற்றாண்டுப் பலகைகளோ கோயில்களுக்கும் அரண்மனைக்கும் சென்ற ஆடுமாடுகளைக் கணக்கிடுகின்றன. மனிதரைப் படைத்ததே தெய்வங்களின் உழைப்பைத் தாங்குவதற்காக என்ற கதையை இவற்றுக்குப் பிறகு படித்தால்தான் அதன் கனம் புரியும்.

தெய்வத் திருமேனிக்கு உணவும் உடையும் அளித்தார்கள் என்பதை மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் அன்றாட வழிபாட்டைக் கண்டவர் எளிதில் உணர்வார். நன்னா படகேறி நிப்பூருக்குச் செல்லும் பாடலைப் படிக்கையில் தைப்பூசத் தெப்பமும் நினைவுக்கு வரலாம். அந்த நினைவைத் தனித்தாளில் எழுதிவைத்து, வேறுபாட்டையும் உடனே அருகில் எழுதுங்கள்: நன்னா தந்தை என்லிலுக்குக் காணிக்கை கொண்டுபோய், தன் நகருக்கு ஆற்று வெள்ளமும் வயல் விளைச்சலும் வரமாகக் கேட்கிறான். ஒப்புமை புரிந்துகொள்ள உதவும், உறவுக்குச் சான்றாகாது. சுமேரிய மொழிக்கு எந்த மொழியோடும் உறவு இதுவரை நிறுவப்படவில்லை.

மூலப் பாடல்களுக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சுமேரிய இலக்கிய இணையத் தொகுப்பை (ETCSL) நாடுங்கள். ஏறத்தாழ 400 படைப்புகள் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சு நூல்களுக்கு எழும்பூர்க் கன்னிமாரா நூலகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் தேடுங்கள். நன்னாவின் பயணத்தை முதலிலும், ஏழு வாயில்களைக் கடந்து பாதாளம் இறங்கும் இனன்னாவை அதன்பின்னும் படிப்பது நல்லது.

ஒவ்வொரு படைப்புக்கும் இரண்டு காலங்களைக் குறியுங்கள்: அது பேசும் காலம் ஒன்று, பலகை எழுதப்பட்ட காலம் மற்றொன்று. இலக்கியப் பலகைகளில் பெரும்பாலானவை கி.மு. 18ஆம் நூற்றாண்டை ஒட்டிப் பள்ளி மாணவர் எடுத்த படிகள். அப்போது சுமேரியம் பேச்சுவழக்கில் இல்லை. அக்காத் அரசர் சார்கோனின் மகளும் ஊர் நகரில் நன்னாவின் தலைமைப் பூசாரியுமான என்கெதுவன்னா கி.மு. 23ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் பெயர் பொறித்த வட்டவடிவக் கல் கிடைத்திருக்கிறது. ஆனால் அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்கள் பல நூற்றாண்டுகள் பிந்திய படிகளாகவே நம்மிடம் உள்ளன. அதனால் அவற்றை அவர் காலத்து வழிபாட்டுக்கு நேர்ச்சான்றாக எழுதும்முன் அந்த இரண்டாவது காலத்தை ஒருமுறை சரிபாருங்கள்.